தரிப்பிடங்களின் கதை
லண்டன் – சிட்னி வான்வழியின் நூறு ஆண்டுகள்

உங்கள் புவியியல் பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் உள்ள உலகப் படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். மேல்பக்கத்தில் லண்டன். கீழ்ப்பக்கத்தில், படத்தின் மறு ஓரத்தில், சிட்னி. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர். இரு நகரங்களையும் தொட்டு ஒரு கோடு வரைந்து விடலாம். அதற்கு ஒரு வினாடி போதும். ஆனால் மனிதன் அந்தக் கோட்டின் வழியே வானத்தில் பறந்து செல்வதற்கு நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

விமானங்களின் வரலாற்றைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் இயந்திரங்களைப் பற்றியே படிக்கின்றோம். எந்த விமானம் பெரியது, எது வேகமானது, யார் முதலில் பறந்தார் என்பவையே பொது அறிவு வினாக்களாக வருகின்றன. உயர்தரத்தில் புவியியலை ஒரு பாடமாகத் தெரிவுசெய்த பிறகு எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. அந்த விமானங்கள் இடையில் எங்கே இறங்கின? இறங்கிய இடங்களில் யார் இருந்தார்கள்? விமானம் பின்னர் அங்கே இறங்காமல் போனபோது அவ்விடங்களுக்கு என்ன ஆனது? நீண்ட தூர வான்வழிகளின் வரலாறு உண்மையில் தரிப்பிடங்களின் வரலாறு என்பதே நான் கண்டுகொண்ட விடயம். அந்தத் தரிப்பிடங்களுள் ஒன்று எமது நாட்டில், காலிக்கு அருகில் இருக்கின்றது என்பதையும் பின்னர் சொல்கின்றேன்.

இருபத்தெட்டு நாள் பயணம்

விமானத்துக்கு முன் இப்பாதை கப்பலின் பாதையாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் சுயஸ் கால்வாய் ஊடாகச் செல்லும் கப்பலுக்கு ஐந்து, ஆறு வாரங்கள் பிடித்தன. நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி வேண்டும்; வழியில் அதை ஏற்றிக்கொள்ளத் துறைமுகங்கள் வேண்டும். கொழும்புத் துறைமுகம் அவ்வாறு வளர்ந்த ஒன்றுதான். எரிபொருள் தீரும் இடத்தில் தரிப்பிடம் பிறக்கும் என்ற விதியை வானமும் பின்னர் கடலிடமிருந்து கற்றுக்கொண்டது.

முதலாம் உலக மகா யுத்தம் முடிந்ததும், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் பறந்து வரும் அவுஸ்திரேலியருக்கு 10,000 பவுண் பரிசு தருவதாக அவுஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது. ரொஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற இரு சகோதரர்கள் இரண்டு பொறிவினைஞர்களுடன் ‘விக்கர்ஸ் விமி’ என்ற குண்டுவீச்சு விமானத்தில் 1919 நவம்பர் 12ஆம் திகதி புறப்பட்டார்கள். விமானிகளின் இருக்கைக்குக் கூரை கிடையாது. மழையும் பனியும் முகத்தில் அடித்தன. கெய்ரோ, பஸ்ரா, கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கிச் சென்று டிசம்பர் 10ஆம் திகதி டார்வினை அடைந்தார்கள். இருபத்தெட்டு நாட்கள்.

இப்பயணத்தில் என் மனதில் நின்ற காட்சி பரிசு வாங்கிய காட்சி அல்ல. ஜாவாத் தீவின் சுரபாயாவில் இறங்கியபோது அவர்களுடைய விமானத்தின் சில்லுகள் சேற்றில் புதைந்துவிட்டன. அங்கிருந்த கிராமத்து மக்கள் தம் வீடுகளிலிருந்த மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து சேற்றின்மேல் விரித்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் மீண்டும் வானில் ஏறியது. ஸ்மித் சகோதரர்களுக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. பாய் விரித்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

பாலைவனத்தில் ஒரு மஹத்தா

சாகசம் வேறு, சேவை வேறு. ஒருவர் ஒருமுறை பறந்து காட்டுவது சாகசம். வாரந்தோறும் குறித்த நாளில், காசு கொடுத்த எவரையும் ஏற்றிச் செல்வது சேவை. இதற்காக 1924இல் பிரித்தானியாவில் இம்பீரியல் ஏர்வேஸ் ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1920இல், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குவாண்டாஸ் என்ற சிறிய நிறுவனம் தோன்றியிருந்தது. ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. மற்றையது கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. இரண்டும் பின்னர் சிங்கப்பூரில் கைகோத்துக்கொண்டன.

1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சி வரை பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அப்போது பயணிகள் முழுத் தூரத்தையும் பறந்து கடக்கவில்லை. ஐரோப்பாவின் ஒரு பகுதியை ரயிலில் கடந்து, பின்னர் மத்தியதரைக் கடலில் மீண்டும் விமானம் ஏறினார்கள். தன் வான்பரப்பைப் பயன்படுத்துவது தொடர்பில் இத்தாலியுடன் ஏற்பட்ட சிக்கல்களே இதற்குக் காரணம். விமானங்கள் இரவில் பறக்கவில்லை. மணிக்கு 160 கிலோமீற்றர் அளவில் பகலில் பறந்து, மாலையில் இறங்கி, பயணிகளை உறங்கவைத்து, மறுநாள் காலையில் மீண்டும் புறப்பட்டன. ஜோர்தானுக்கும் பக்தாதுக்கும் இடையிலான பாலைவனத்தில் மலையோ ஆறோ அடையாளமாக இல்லை. ஆகவே தபால் விமானங்களுக்காக 1921இலேயே தரையில் வாகனத் தடம் பதித்து, சில இடங்களில் ஏர் கொண்டு உழுது கோடு போட்டிருந்தார்கள். விமானி கீழே அந்தக் கோட்டைப் பார்த்தபடி பறந்தார்!

கராச்சிக்குச் செல்லும் வழி முதலில் பாரசீகக் கரையோரமாக, அதாவது இன்றைய ஈரானின் கரையோரமாக, அமைந்திருந்தது. 1932இல் பாரசீக அரசாங்கம் அந்த அனுமதியை நீடிக்கவில்லை. உடனே வளைகுடாவின் மறு கரையில் இறங்குவதற்கு இடம் தேடவேண்டி வந்தது. அப்படிக் கிடைத்த இடங்களுள் ஒன்று சார்ஜா. அன்று அது எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்படாத ஒரு சிறிய கரையோர ஊர். முத்துக் குளிப்பே வளைகுடாவின் பெரிய தொழில். ஜப்பானியச் செயற்கை முத்துக்கள் சந்தைக்கு வந்து அந்தத் தொழிலும் நலிந்துகொண்டிருந்த காலம் அது. சார்ஜாவின் ஆட்சியாளருடன் உடன்படிக்கை செய்யப்பட்டு, மணலில் ஓர் ஓடுபாதையும், பயணிகள் இரவு தங்குவதற்குக் கோட்டை போன்ற ஒரு விடுதியும் அமைக்கப்பட்டன. மக்கள் அதை ‘அல் மஹத்தா’ என்று அழைத்தார்கள். அறபு படிக்கும் சகோதரிகளுக்கு அதன் பொருள் தெரியும். தரிப்பிடம் என்பதே அதன் பொருள்.

அந்த விடுதி இன்று ஓர் அரும்பொருட் காட்சியகம். பழைய ஓடுபாதையோ நகரம் வளர்ந்தபோது வீதியாக மாறிவிட்டது. மன்னர் அப்துல் அஸீஸ் வீதி என்பது அதன் பெயர். இதை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனென்றால் என் வாப்பா சார்ஜாவில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அன்றிரவு அவர் தொலைபேசியில் பேசியபோது, “வாப்பா, அந்த ரோட்டு முந்தி ஏரோப்ளேன் ஓடின இடம், தெரியுமா?” என்று கேட்டேன். “எட்டு வருசமா அதால போறன் மகள், நான் அத வெறும் ரோட்டு என்டுதான் நினச்சன்” என்றார்.

கொழும்பிலிருந்து சார்ஜாவுக்கு இன்று ஐந்து மணித்தியாலம் கூட ஆவதில்லை. எங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் பயணம்தான் அதைவிட நீளமானது. ஆனால் வாப்பா வீட்டுக்கு வருவது இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை. தூரத்தை மணித்தியாலத்தால் மட்டும் அளக்க முடியாது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. விடுமுறை கிடைக்க வேண்டும், டிக்கட்டுக்குக் காசு வேண்டும், விசா வேண்டும். இவையும் தூரத்தின் அலகுகள்தான். 1930களில் சார்ஜா விடுதியில் தங்கியவர்கள் பெரும்பாலும் பிரித்தானிய அதிகாரிகளும் செல்வந்தர்களும். இன்று அதே வான்வழியில் எங்கள் தந்தையரும் சில வீடுகளில் எங்கள் தாய்மாரும் வேலைக்குப் போகின்றார்கள்.

நீரில் இறங்கிய விமானங்கள்

1935 ஏப்ரலில் பிரிஸ்பேனிலிருந்து லண்டன் வரை பயணிகள் செல்லக்கூடிய சேவை ஆரம்பமாகியது. பயணம் பன்னிரண்டரை நாட்கள். ஒருவழிக் கட்டணம் 195 பவுண்.

1938இல் நீரில் இறங்கும் விமானங்கள் சிட்னிக்கும் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ரனுக்கும் இடையில் பறக்கத் தொடங்கின. பெரிய விமானம் தரையில் இறங்க நீளமான, உறுதியான ஓடுபாதை தேவை. அக்காலத்தில் பாதி உலகத்தில் அத்தகைய ஓடுபாதைகள் இருக்கவில்லை. ஆனால் ஆறுகளும் வாவிகளும் குடாக்களும் எங்கும் இருந்தன. ஆகவே விமானத்தின் அடிப்பாகத்தையே படகு போல அமைத்தார்கள். பதினைந்து பயணிகள், உணவு பரிமாறும் பணியாளர்கள், நின்று வெளியே பார்ப்பதற்கு ஓர் இடம் என்று அது ஒரு மிதக்கும் விருந்தினர் விடுதி போல இருந்தது. டுபாயின் கடற்கழியிலும் இவ்விமானங்கள் இறங்கின. இப்போது பயணம் ஒன்பது, பத்து நாட்களாகக் குறைந்துவிட்டது.

இந்த வசதி இரண்டு வருடங்கள்கூட நீடிக்கவில்லை. 1940இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி மூடப்பட்டது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி நடுவிலே அறுந்துபோனது.

கொக்கலை வாவியும் இரண்டு சூரிய உதயங்களும்

அறுந்த கயிற்றை எங்கே முடிச்சுப் போடுவது? இந்தோனேசியா, மலாயா, பர்மா யாவும் ஜப்பானியர் வசம். எஞ்சியிருந்தது இந்து சமுத்திரம் மட்டுமே. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பேர்த் நகரையும் இலங்கையையும் நேராக இணைத்தால் பாதை கிடைக்கும். ஆனால் அத்தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். இடையில் இறங்க ஓர் இடமும் இல்லை.

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குவாண்டாஸ் இச்சேவையைத் தொடங்கியது. ‘கட்டலினா’ என்ற ஐந்து நீர்விமானங்களைப் பிரித்தானிய அரசு வழங்கியது. நட்சத்திரங்களைப் பார்த்தே அவை வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர் சூட்டப்பட்டது. எதிரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வானொலித் தொடர்பைப் பயன்படுத்தாமல் பறந்தார்கள். பேர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து எழுந்து, மணிக்கு 200 கிலோமீற்றர் அளவான வேகத்தில் சமுத்திரத்தைக் கடந்து, காலி மாவட்டத்தின் கொக்கலை வாவியில் இறங்கின. பயணிகளும் தபாலும் அங்கிருந்து கராச்சி வழியாக லண்டனுக்குப் போனார்கள்.

பயண நேரம் 27 மணித்தியாலம் முதல் 33 மணித்தியாலம் வரை. எங்கும் நில்லாமல் பறந்த பயணிகள் சேவைகளுள், நேரத்தால் இதைவிட நீண்டது இன்றுவரை இல்லை. பயணிகள் தம் பயணத்தில் சூரியன் உதிப்பதை இரண்டு தடவை கண்டார்கள். ஆகவே இதற்கு ‘இரட்டைச் சூரிய உதயம்’ என்று பெயர் வந்தது. பறந்தவர்களுக்கு அப்பெயரில் ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு தோழி, “அப்ப ஒரே பயணத்தில ரெண்டு சுபஹா?” என்று கேட்டாள். ஆம், முப்பது மணித்தியாலம் என்பது ஒரு நாளிலும் அதிகம் அல்லவா!

இத்தனை பாடுபட்டு ஒரு விமானத்தில் எத்தனை பேர் சென்றார்கள் தெரியுமா? ஆகக்கூடியது மூன்று பேர். அத்துடன் 69 கிலோகிராம் தபால். ஏன் இவ்வளவு குறைவு? இதுதான் நீண்ட தூரப் பறப்பின் அடிப்படைச் சிக்கல். தூரம் கூடினால் எரிபொருள் கூட வேண்டும். எரிபொருளுக்கும் பாரம் உண்டு. அந்தப் பாரத்தைத் தூக்குவதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். கட்டலினாவின் உள்ளே மேலதிக எரிபொருள் தாங்கிகளை வைத்து, தேவையற்ற பொருட்களை எல்லாம் கழற்றி எறிந்தார்கள். அப்படியும் புறப்படும்போது பாரம் மிக அதிகமாக இருந்ததால், பயணத்தின் முதற் பல மணித்தியாலங்களில் இரண்டு இயந்திரங்களுள் ஒன்று நின்றுவிட்டால் விமானம் வானில் தங்க முடியாது. இந்த நிலைமையில், 1945 ஜூலை வரை 271 தடவைகள் சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஓர் உயிர்கூடப் பலியாகவில்லை.

1944இல் ‘லிபரேட்டர்’ என்ற தரை விமானங்களும் இச்சேவையில் சேர்ந்து இரத்மலானைக்கு வந்தன. ‘கங்காரு சேவை’ என்ற பெயர் முதலில் அவற்றுக்கே வைக்கப்பட்டது. லண்டன் – சிட்னி வழி இன்று ‘கங்காரு வழி’ என்று உலகெங்கும் அழைக்கப்படுகின்றது. அந்தப் பெயர் எமது தீவுக்கு வந்த ஒரு சேவையில்தான் பிறந்தது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. யுத்தம் முடிந்ததும் ஐந்து கட்டலினாக்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

கொக்கலையின் கதையை இத்துடன் முடித்தால் அது அரைக் கதையாகிவிடும். குவாண்டாஸ் வருமுன்னரே அந்த வாவி பிரித்தானிய விமானப் படையின் தளமாகியிருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து கிளம்பிய கட்டலினா ஒன்றில் பறந்த லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது, அந்த எச்சரிக்கை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் யுத்தக் கைதியானார். அவருடைய பெயர் வரலாற்றில் இருக்கின்றது, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தத் தளத்தை அமைப்பதற்காகக் கொக்கலைக் கிராமத்து மக்கள் தம் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் இல்லாமல் போயின. சிங்கள இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அதுதான். அவர் பிறந்த வீடு தப்பி நின்றது. இன்று அவ்வீட்டுடன் சேர்ந்த நாட்டார் கலை அரும்பொருட் காட்சியகத்தை நீங்கள் போய்ப் பார்க்கலாம். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே ஒரு தரிப்பிடம் தேவைப்பட்டபோது, அது வெறும் வாவியாகத்தான் வரைபடத்தில் தெரிந்தது. அதன் கரையில் அடுப்பெரிந்த வீடுகள் வரைபடத்தில் தெரியவில்லை.

நான்கு நாட்களிலிருந்து ஒரு நாளுக்கு

யுத்தம் உலகெங்கும் ஓடுபாதைகளை விட்டுச் சென்றது. எமது கட்டுநாயக்க விமான நிலையமும் யுத்தகால விமானத் தளம் ஒன்றிலிருந்தே வளர்ந்தது. நீளமான ஓடுபாதைகள் வந்ததும் நீர்விமானங்களின் காலம் முடிந்தது.

1947 டிசம்பர் 1ஆம் திகதி குவாண்டாஸின் ‘கொன்ஸ்டலேஷன்’ விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்பொலி என்று தரித்துச் சென்ற பயணம் நான்கு நாட்களில் முடிந்தது. இருபத்தொன்பது பயணிகளும் பதினொரு பணியாளர்களும் அதில் இருந்தார்கள். போய்வரக் கட்டணம் 585 பவுண். அக்காலத்து அவுஸ்திரேலியத் தொழிலாளி ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்திலும் அதிகம். அதே மாதத்தில் எமது எயார் சிலோனும் இரத்மலானையிலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கியது.

அடுத்த பாய்ச்சல் ஜெற் இயந்திரம். பிரித்தானியாவின் ‘கொமெற்’ 1952 மே மாதத்தில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதே வருடம் ஆகஸ்டில் அது கொழும்புக்கும் வந்தது. உலகின் முதலாவது ஜெற் பயணிகள் விமானம் கண்ட ஆரம்ப நகரங்களுள் கொழும்பும் ஒன்று என்பதை நாம் பெருமையுடன் சொல்லலாம். ஆனால் 1954இல் இரண்டு கொமெற் விமானங்கள் அடுத்தடுத்து வானிலேயே சிதறின. உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இறங்கும்போது அது குறையும். பலூனை ஊதி ஊதிக் காற்றை இறக்குவது போல இது மீண்டும் மீண்டும் நடந்ததால் உலோகம் களைத்து வெடித்தது. உலோகத்துக்கும் களைப்பு உண்டு என்ற பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. அதன் பின் வந்த போயிங் 707, 1959இல் குவாண்டாஸின் சேவைக்கு வந்து பயணத்தை இரண்டு நாட்களுக்கும் குறைவாக்கியது. 1971இல் வந்த போயிங் 747 ஒரே தடவையில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றியது. கட்டணமும் மெல்ல மெல்லச் சாதாரண மக்களின் கைக்கு எட்டியது.

ஒவ்வொரு புதிய விமானமும் முன்னையதைவிடத் தூரம் பறந்தது. அதாவது ஒவ்வொரு புதிய விமானத்தின் வருகையிலும் சில தரிப்பிடங்கள் பட்டியலிலிருந்து அழிந்தன. முப்பது அளவில் இருந்தவை ஆறாகி, பின்னர் இரண்டாகி, ஒன்றாகின.

தரிக்காமல் பறத்தல்

1989 ஆகஸ்டில் புத்தம் புதிய குவாண்டாஸ் 747 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நில்லாமல் 20 மணித்தியாலம் 9 நிமிடத்தில் பறந்தது. அதில் கட்டணம் செலுத்திய பயணி எவரும் இருக்கவில்லை. முடியும் என்று காட்டுவதற்காக மட்டுமே அது பறந்தது. பயணிகளுடன் அதைச் சாதிக்க இலேசான விமானம் தேவைப்பட்டது. உலோகத்துக்குப் பதிலாகக் கரிம இழை கலந்த பொருளைப் பெருமளவு கொண்டு செய்யப்பட்ட போயிங் 787 அதற்கு வழி காட்டியது.

2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடிச் சேவை ஆரம்பமாகியது. 14,498 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ பதினேழு மணித்தியாலங்கள். இருக்கைகள் 236. இங்கே சற்று நின்று யோசியுங்கள். 1943இல் அதே பேர்த்திலிருந்து மூன்று பேரை ஏற்றிய விமானம் இலங்கைக்கு வருவதற்கே முப்பது மணித்தியாலம் எடுத்தது. இன்றும் பழைய சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இந்த விமானம் தன் முழுப் பாரத்துடன் எழும்போது, எரிபொருள் மட்டுமே அப்பாரத்தில் ஏறத்தாழ 40 வீதம் ஆகலாம்.

2019 நவம்பரில், ஸ்மித் சகோதரர்கள் புறப்பட்டு நூறு ஆண்டுகள் கழிந்து, லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு பரீட்சார்த்தப் பயணம் நடந்தது. சில டசின் பேர் மட்டும் சென்றார்கள். அவர்களுடைய உறக்கமும் உடல்நிலையும் ஆராயப்பட்டன. பயண நேரம் 19 மணித்தியாலம் 19 நிமிடம். இருபத்தெட்டு நாட்கள் ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டன. அத்திட்டத்தின் பெயர் ‘சூரிய உதயத் திட்டம்’. கொக்கலைக்கு வந்த அந்தப் பழைய விமானங்களின் நினைவாகவே அப்பெயர் வைக்கப்பட்டது.

வானத்திலும் வேலிகள் உண்டு

இனி எல்லாத் தரிப்பிடங்களும் மறைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல. எரிபொருள் ஒரு காரணம் மட்டுமே. அனுமதி இன்னொரு காரணம். ஒவ்வொரு நாட்டின் மேலுள்ள வானமும் அந்நாட்டுக்குச் சொந்தம். 1932இல் பாரசீகம் மறுத்ததால் சார்ஜா தரிப்பிடமானதைப் பார்த்தோம். பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்பரப்பில் தாராளமாகப் பறக்க முடியாததால், ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் சென்ற விமானங்கள் வட துருவப் பக்கமாகச் சுற்றி அலாஸ்காவின் அங்கரேஜில் தரித்தன. பின்னர் அந்த வானம் திறந்தது. பயணிகள் அங்கரேஜை மறந்தார்கள். 2022இல் ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு மீண்டும் மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கான பயணம் ஒன்பது மணித்தியாலத்திலிருந்து பதின்மூன்று மணித்தியாலமாக நீண்டது. 2024 ஏப்ரலில் மத்திய கிழக்கில் பதற்றம் எழுந்தபோது, அந்தப் பெருமைமிக்க பேர்த் – லண்டன் விமானமே சுற்றுவழியில் செல்வதற்காகச் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்ப நேர்ந்தது. தொழில்நுட்பம் அழித்த தரிப்பிடத்தை ஒரு யுத்தம் ஒரே நாளில் மீட்டுத் தந்தது.

தரிப்பிடமாக இருப்பது ஒரு நாட்டுக்கு எதைத் தருகின்றது? அது அந்த நாடு அதைக்கொண்டு என்ன செய்கின்றது என்பதைப் பொறுத்தது. நீர்விமானங்கள் வந்து இறங்கிய டுபாய், 1985இல் வாடகைக்கு எடுத்த விமானங்களுடன் சொந்த விமான சேவையைத் தொடங்கியது. அதன் முதற் பயணம் கராச்சிக்கு. மற்றவர்களின் வழியில் ஒரு தரிப்பிடமாக இருந்த ஊர், எல்லா வழிகளும் வந்து சேரும் சந்தியாகத் தன்னை மாற்றிக்கொண்டது. கொக்கலையில் இன்று ஒரு சிறிய விமானத் தளமும், ஒரு சுதந்திர வர்த்தக வலயமும், அமைதியான ஒரு வாவியும் இருக்கின்றன. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இரு இடங்களும் ஒரு காலத்தில் ஒரே கயிற்றின் முடிச்சுகளாக இருந்தன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நீண்ட வான்வழிகளைப் பற்றிப் பேசும்போது புறப்படும் நகரமும் சேரும் நகரமுமே பெயர்ப்பலகையில் தெரிகின்றன. பாய் விரித்த சுரபாயாவும், கோடு உழுத பாலைவனமும், வீடிழந்த கொக்கலையும் தெரிவதில்லை. அடுத்த தடவை ஒரு வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு ஒன்றைக் காணும்போது, அந்தக் கோடு யாருடைய தலைக்கு மேலாகப் போகின்றது என்று கேட்டுப் பாருங்கள் சகோதரிகளே. புவியியல் என்ற பாடம் எனக்கு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.